பேலியோ ராத்திரிச் சாப்பாடு: புதுப் புத்தகத்தில் எது தேறியது, எது தேறவில்லை?

#1 அடுப்படி_ராணி

குடும்பத்துக்கே சேர்த்து பேலியோ ராத்திரிச் சாப்பாடு என்று ஒரு புதுச் சமையல் புத்தகம் கைக்கு வந்திருக்கிறது. பேலியோ என்றால் கற்கால மனிதரைப் பின்பற்றுவதாகச் சொல்லி தானியம், பயறு, பால், சர்க்கரை எல்லாம் ஒதுக்கும் சாப்பாட்டு முறை. புத்தகத்தின் பெயர் சொல்லப்போவதில்லை. விளம்பரமும் வேண்டாம், வசையும் வேண்டாம். கொஞ்ச நாளாக வேலைநாள் ராத்திரிகளில் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் சமையல். வீட்டுக்காரர் முழு பேலியோ, நான் முக்கால், பிள்ளைகள் இரண்டு பேரும் கால்கூடக் கிடையாது.

கோழித் தொடையை கேரட், வெங்காயத்தோடு ஒரே தட்டில் வைத்து ஓவனில் வாட்டும் குறிப்பு முதல் தரம். தோல் மொறுமொறு. கறியிலிருந்து இறங்கிய சாற்றிலேயே காய் வெந்து இனித்துப் போயிருந்தது. பெரியவள் எலும்பைக்கூட விட்டுவைக்கவில்லை.

அதே புத்தகத்தில் காலிஃபிளவர் சாதம் என்று ஒரு பக்கம். "மூடி போட்டு எட்டு நிமிடம் வேகவிடவும்" என்று போட்டிருக்கிறார்கள். மூடியைத் திறந்தால் கூழ். சுக்கினி என்ற பூசணி வகைக் காயைச் சீவிச் செய்த நூடுல்ஸ் தட்டில் போட்ட கையோடு தண்ணீர் விட ஆரம்பித்துவிட்டது. தக்காளி சாஸ் ஒரு ஓரம், தண்ணீர் ஒரு ஓரம். பாதாம் மாவு பீட்சாவைச் சின்னவன் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டுச் சொன்னது: "நல்லாத்தான் இருக்கு, ஆனா இது பீட்சா இல்லை."

கேட்க வேண்டியவை மூன்று. இந்தத் தண்ணீர்த் தொல்லையை எப்படிச் சமாளிப்பது? ரொட்டித்தூள் இல்லாமல் கொத்துக்கறி உருண்டை உடையாமல் வருமா? இவருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று தினமும் இரண்டு சமையல் செய்யாமல் தப்பிக்க வழி உண்டா?

#2 சுக்கினி_விரோதி

பெயரைப் பார்த்தாலே என் கட்சி தெரிந்திருக்கும் அக்கா. சுக்கினியில் நூற்றுக்கு 95 பங்கு தண்ணீர்தான். காலிஃபிளவரிலும் 92 பங்கு. அதை மூடி போட்டு வேகவைக்கச் சொன்னவர் அந்தக் குறிப்பைத் தன் வீட்டில் செய்து பார்த்திருப்பாரா என்றே சந்தேகமாக இருக்கிறது.

காலிஃபிளவரை அரிசி அளவுக்குத் துருவியதும் சுத்தமான துணியில் கட்டி ஒரு பிழி பிழியுங்கள். அகலமான வாணலி, நல்ல சூடு, மூடி கூடவே கூடாது. மெல்லிசாகப் பரப்பி, முதல் இரண்டு நிமிடம் கிளறாமல் விட்டுவிடுங்கள். அடியில் லேசாகப் பழுப்பேறும், அந்த மணம்தான் இதைக் காப்பாற்றுகிறது. அப்புறம் புரட்டி இன்னும் மூன்று நிமிடம். உப்பைக் கடைசியில் போடுங்கள், முதலிலேயே போட்டால் நீர் விட்டுக்கொண்டே இருக்கும். நான்கு பேருக்கு ஒரே வாணலியில் குவித்தால் மறுபடியும் கூழ்தான். இரண்டு தவணையாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் ஓவன் தட்டில் பரப்பி 200 டிகிரி செல்சியஸில் இருபது நிமிடம் வைத்து, நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள்.

சுக்கினிக்கு என்னிடம் வைத்தியம் இல்லை. வாங்காதீர்கள்.

#3 மீன்முள்

> சுக்கினிக்கு என்னிடம் வைத்தியம் இல்லை

இருக்கிறது தம்பி. சுருள் சுருளாகச் சீவியதும் உப்புத் தூவி, வடிதட்டில் இருபது நிமிடம் வைத்துப் பிழிய வேண்டும். அப்புறம் வேகவைக்கவே கூடாது, சூடான வாணலியில் ஒரு நிமிடம் புரட்டினால் போதும். சாஸைத் தனியாகக் கெட்டியாக வற்றவைத்து, பரிமாறும்போது மேலே ஊற்ற வேண்டும். முன்பே உப்பில் ஊறியதால் சாஸில் உப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் செய்த பிறகு சுமாராக வரும். அதற்கு மேல் வராது.

#4 சுக்கினி_விரோதி

"சுமாராக வரும்." இதற்குத்தான் இருபது நிமிடம் வடிதட்டா?

#5 கற்காலன்

ராணி மேடம், நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. தேறியது கோழித் தொடை. தேறாதது பொய்ச் சாதம், பொய் நூடுல்ஸ், பொய் பீட்சா. தானியம் இல்லாமலே பிறந்த சமையல் ஒன்று இருக்கிறது: வாட்டிய கறி, ஸ்டூ (மெல்ல வேகவைத்த கறிக்குழம்பு), மீன், முட்டை, கீரை, கிழங்கு. அதில் எதையும் நீக்க வேண்டியதில்லை, எதற்கும் மாற்றுத் தேட வேண்டியதில்லை. கோதுமை உணவிலிருந்து கோதுமையை எடுத்துவிட்டு, அந்த ஓட்டையை பாதாம் மாவால் அடைக்கிற குறிப்புகளில்தான் சண்டை வரும். நாக்கு பழைய ருசியோடு ஒப்பிட்டுப் பார்க்கும், தோற்கும்.

புத்தகத்தை எடுத்து, "சாதம்", "நூடுல்ஸ்", "பிரெட்", "பான்கேக்" என்று பெயர் வைத்த பக்கங்களை எல்லாம் மடித்து ஒதுக்குங்கள். மிச்சத்தைச் சமையுங்கள்.

பாதாம் மாவுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 100 கிராம் பாதாமில் கிட்டத்தட்ட 580 கலோரி. பீட்சா அடிக்கு ஒருவர் அசால்ட்டாக 100 கிராம் உள்ளே தள்ளிவிடுவார். முழு பாதாமாக அவ்வளவு தின்னச் சொன்னால் தாடை வலிக்கிறது என்று நிறுத்தியிருப்பார்.

#6 பழைய_வாசகர்

கற்காலன் சார் சொல்வது சரி, ஆனால் காலிஃபிளவர் சாதத்தை அந்தப் பட்டியலில் தள்ளாதீர்கள். அதைச் சாதம் என்று தட்டில் வைத்தால்தான் பிரச்சினை. வதக்கிய காலிஃபிளவர் என்று வைத்தால் நல்ல பொரியல். என் வீட்டில் பெயரை மாற்றினேன், பேச்சு அடங்கியது.

#7 கொத்துக்கறி_கோபு

உருண்டை விஷயத்துக்கு வருகிறேன். ரொட்டித்தூளுக்கு இரண்டு வேலை: சாற்றைப் பிடித்து வைப்பது, உருண்டையை மெத்தென்று ஆக்குவது. ஒட்டவைப்பது அதன் வேலையே அல்ல. ஒட்டவைப்பது கறியில் இருக்கும் புரதம். கறியில் உப்பைப் போட்டுப் பிசைந்தால் அந்தப் புரதம் கொஞ்சம் கரைந்து பசைபோல ஆகும்.

அதனால் முதலில் வெறும் கொத்துக்கறியில் உப்பு மட்டும் போட்டு ஒரு நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். கறி விரலில் ஒட்ட ஆரம்பிக்கும், கிண்ணத்தின் பக்கவாட்டில் இழை இழையாகப் படியும். அதுதான் அடையாளம். அப்புறம் அரை கிலோவுக்கு ஒரு முட்டை, துருவிப் பிழிந்த வெங்காயம், பூண்டு, மிளகு. வெங்காயத்தைப் பிழியாமல் போட்டால் உருண்டை நிச்சயம் விரியும். மெத்தென்று வர வேண்டும் என்றால் வெந்து மசித்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு இரண்டு கரண்டி. பாதாம் மாவும் போடலாம், மூன்று மேசைக்கரண்டிக்கு மேல் போனால் மணல் மணலாக நெருடும்.

அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு ஓவனில் போடுங்கள். எண்ணெயில் புரட்டும்போதுதான் பெரும்பாலும் உடைகிறது. உள்ளே 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும், கோழிக் கொத்துக்கறியாக இருந்தால் 74. நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இறைச்சி வெப்பமானி ஒன்று வாங்கிவிட்டால் பாதி சந்தேகம் தீர்ந்தது.

#8 அடுப்படி_ராணி

கோபு அண்ணா, "விரலில் ஒட்ட ஆரம்பிக்கும்" என்று இந்தப் புத்தகத்தில் ஒரு வரி போட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! படத்துக்கு ஒரு முழுப் பக்கம் கொடுக்கிறார்கள், கை பார்க்க வேண்டிய அடையாளத்துக்கு ஒரு சொல் இல்லை. வெங்காயத்தை "பத்து நிமிடம் வதக்கினால் கேரமல் நிறம் வரும்" என்கிறார்கள். எந்த அடுப்பில்?

#9 பழைய_வாசகர்

எந்த அடுப்பிலும் வராது. நிதானமான தீயில் முக்கால் மணி நேரம் ஆகும். அது எல்லாச் சமையல் புத்தகத்திலும் இருக்கிற பொய், பேலியோவை மட்டும் குறை சொல்ல முடியாது.

அப்புறம் அளவுகளையும் கவனியுங்கள். அமெரிக்கப் பதிப்பாக இருந்தால் ஒரு கப் என்பது சுமார் 240 மில்லி, ஒரு அவுன்ஸ் 28 கிராம், ஒரு பவுண்டு 454 கிராம். 400 என்று ஓவனுக்குப் போட்டிருந்தால் அது ஃபாரன்ஹீட், நமக்கு 200 செல்சியஸ். ஆஸ்திரேலியப் பதிப்பில் மேசைக்கரண்டி 20 மில்லி, மற்ற இடங்களில் 15.

#10 பல்லில்_படிந்த_மாவு

கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். "கற்காலத்தில் தானியமே சாப்பிடவில்லை" என்று இந்த வகைப் புத்தகங்களின் முன்னுரையில் அடித்துச் சொல்லிவிடுகிறார்கள். ஈராக்கின் ஷானிடார் குகையிலும் பெல்ஜியத்தின் ஸ்பை குகையிலும் கிடைத்த நியாண்டர்தால் என்ற அழிந்துபோன ஆதிமனித இனத்தின் பற்களின் காரையில் மாவுச்சத்துத் துகள்கள் இருந்ததை 2011-ல் வெளியிட்டார்கள். அதில் சில வெந்த மாவு. புல் வகை விதைகளும் அதில் உண்டு. ஜோர்டானில் ஷுபாய்கா என்ற இடத்தில் சுமார் 14,400 ஆண்டு பழைய கருகிய ரொட்டித் துண்டுகளே கிடைத்தன, 2018-ல் அறிவித்தார்கள். விவசாயம் வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே ரொட்டி சுட்டிருக்கிறார்கள்.

ஆக, "முன்னோர் தொடவில்லை" என்பதை வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்த முடியாது.

#11 கற்காலன்

ஒப்புக்கொள்கிறேன். பேலியோவுக்கு நல்ல காரணம் குகையில் இல்லை, தட்டில் இருக்கிறது. பாக்கெட் தீனியும் சர்க்கரையும் மைதாவும் போய், காய்கறியும் முழு உணவும் வந்தால் பெரும்பாலானவர்களுக்கு நல்லதே நடக்கும். கற்கால உணவு என்று 1975-ல் வால்டர் வோக்ட்லின் என்ற மருத்துவர் எழுதியதும், 1985-ல் ஈட்டன், கோனர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மருத்துவ இதழில் எழுதியதும், 2002-ல் லோரன் கோர்டெய்ன் என்ற பேராசிரியர் பரப்பியதும் ஒரே பட்டியல் இல்லை. கோர்டெய்ன் முதலில் உருளைக்கிழங்கையும் உப்பையும்கூட ஒதுக்கினார். இன்று பேலியோ என்ற பெயரில் வரும் பல புத்தகங்கள் உருளைக்கிழங்கை அனுமதிக்கின்றன, நெய்யையும் அனுமதிக்கின்றன. அதனால் "இது பேலியோவா?" என்ற சண்டைக்கு முடிவே கிடையாது. பயறு, நிலக்கடலை, சோயா கூடாது என்பதில்தான் பெரும்பாலோர் ஒன்றுபடுகிறார்கள். நிலக்கடலை பெயரில்தான் கடலை, குடும்பத்தில் பயறு.

#12 நெறியாளர்

குகை விவாதத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடருங்கள். இங்கே அடுப்புக்குத் திரும்புவோம்.

#13 உணவியல்_உமா

உணவியல் வேலையில் இருப்பவள் என்பதால் இரண்டு விஷயம் மட்டும்.

ராணி, பிள்ளைகளுக்குப் பாலை நிறுத்தும் யோசனை இருந்தால் சுண்ணாம்புச் சத்தை யார் ஈடு செய்வது என்று முதலில் பாருங்கள். அமெரிக்கப் பரிந்துரைப்படி 4 முதல் 8 வயதுக்கு நாளைக்கு 1,000 மில்லிகிராம், 9 முதல் 18 வயதுக்கு 1,300. ஒரு கப் பாலில் சுமார் 300 கிடைக்கும். முள்ளோடு சாப்பிடும் டின் மத்தி மீன் 85 கிராமிலும் ஏறக்குறைய அவ்வளவு உண்டு. பாலக்கீரையைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதில் சுண்ணாம்பு இருக்கிறது, ஆனால் கீரையிலேயே இருக்கும் ஆக்சலேட் என்ற பொருள் அதைப் பிடித்துக்கொள்வதால் உடம்பில் சேர்வது இருபதில் ஒரு பங்குதான். மத்தி மீனைப் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்றால் பாலை நிறுத்தாதீர்கள். புத்தகத்துக்காகப் பிள்ளைகளின் எலும்பைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பெரியவர்களுக்கு. இன்சுலினோ, இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரையோ எடுப்பவர் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் வகை மாத்திரைகளில் வேறு ஓர் ஆபத்து, ரத்தம் அமிலமாகும். மருந்தளவை மாற்றுவது மருத்துவர் வேலை, அதை முடித்துவிட்டுத் தட்டை மாற்றுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவரும் அப்படித்தான்.

#14 அடுப்படி_ராணி

உமா அக்கா, பால் நிற்காது. அவர் மட்டும்தான் விட்டிருக்கிறார், மாத்திரை எதுவும் இல்லை. பிள்ளைகளுக்குத் தூங்கும் முன் ஒரு டம்ளர் வழக்கம்போல.

கோபு அண்ணா முறையில் உருண்டை செய்தேன். ஒன்றுகூட உடையவில்லை. அடுத்து மீன். பாதாம் மாவில் புரட்டிய மீன் என்று ஒரு குறிப்பு இருக்கிறது, படத்தில் பொன்னிறமாக மின்னுகிறது. மீன்முள், உங்கள் பெயரை நம்பிக் கேட்கிறேன்.

#15 மீன்முள்

வாருங்கள் சகோதரி. பாதாம் மாவுப் பூச்சு கழன்று எண்ணெயில் நீந்தும், அதுதான் பெரும்பாலும் நடக்கும். புத்தகத்தில் நேராக முட்டை, பிறகு மாவு என்று இருந்தால் அதற்கு முன்னால் ஒரு படி சேருங்கள்.

மீன் துண்டைத் துணியால் ஒற்றி ஈரம் போக்குங்கள். மரவள்ளிக்கிழங்கு மாவை மெல்லிசாகத் தூவி உதறுங்கள். பிறகு அடித்த முட்டை, பிறகு பாதாம் மாவு. கிழங்கு மாவு மீனின் ஈரத்தைக் குடித்து முட்டைக்குப் பிடிமானம் கொடுக்கும். பத்து நிமிடம் தட்டில் வையுங்கள், பூச்சு இறுகும். நடுத்தரத் தீதான். பாதாம் மாவு சீக்கிரம் கருகும், மீன் வேகும் முன் மேல்புறம் கசந்துவிடும். ஒருபக்கம் பொன்னிறம் வரும்வரை கரண்டியால் கிளறாதீர்கள், தானாகவே வாணலியை விடும். அப்போது ஒரே ஒரு தடவை திருப்புங்கள்.

தடிமனான துண்டாக இருந்தால் நிறம் வந்ததும் 180 டிகிரி ஓவனுக்கு மாற்றி முடியுங்கள். எலுமிச்சையைத் தட்டில்தான் பிழிய வேண்டும். வாணலியில் பிழிந்தால் மொறுமொறுப்பு போச்சு.

#16 புதுசு_நான்

வணக்கம். பாதாம் மாவுக்குப் பதில் தேங்காய் மாவை அதே அளவு போடலாமா? மகனுக்குக் கொட்டை வகைகள் ஒத்துக்கொள்ளாது.

#17 கொத்துக்கறி_கோபு

அதே அளவு மட்டும் போட்டுவிடாதீர்கள் தம்பி! தேங்காய் மாவில் நார்ச்சத்து அதிகம், ஈரத்தை உறிஞ்சிவிடும். ஒரு கப் பாதாம் மாவு இருக்கும் இடத்தில் கால் கப் தேங்காய் மாவு, கூடவே முட்டையும் ஈரமும் அதிகம். கேக், ரொட்டி வகைகளில் இந்தக் கணக்குகூட ஒத்துவராமல் போகலாம். தேங்காய் மாவுக்கென்றே எழுதிய குறிப்பைத் தேடுவது நல்லது. மீனுக்கு மேல் பூச என்றால் அதைத் தனியாகப் பூசாமல் மரவள்ளி மாவோடு பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

#18 உணவியல்_உமா

புதுசு, தேங்காய் பெரும்பாலான கொட்டை ஒவ்வாமைக்காரர்களுக்கு ஒத்துக்கொள்ளும், எல்லோருக்கும் அல்ல. ஒவ்வாமை கடுமையானது என்றால் முதலில் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். பேலியோ புத்தகங்களில் முந்திரிப் பால், பாதாம் வெண்ணெய் சாஸுக்குள் ஒளிந்திருக்கும். பொருள் பட்டியலைக் கடைசி வரி வரை படியுங்கள்.

#19 ராத்திரி_டூட்டி

இரண்டு சமையல் விஷயத்தை யாரும் தொடவில்லையே. எங்கள் வீட்டில் மூன்று கட்சி. நான் பேலியோ, மனைவி முட்டை மட்டும் சாப்பிடும் சைவம், அம்மாவுக்குப் பல் கிடையாது. என் வழி இது: ஒரு பானை, அதற்கு மேல் கிளை. ஸ்டூ வைத்தால் எனக்கு அப்படியே, பிள்ளைக்குக் கொஞ்சம் சோற்றோடு, அம்மாவுக்கு அதே கறியை உதிர்த்து மசித்த கிழங்கோடு. சோறு ஒரு குக்கரில் தானாக வேகும், அதற்குத் தனி உழைப்பு இல்லை. பேலியோக்காரர் தட்டில் சோறு இல்லை, அவ்வளவுதான். அதற்காக வீட்டில் யாருக்கும் சோறு கிடையாது என்று சட்டம் போட்டால் மூன்றாம் நாள் பிள்ளைகள் பிஸ்கட் டப்பாவைக் காலி செய்வார்கள்.

மனைவிக்கு மட்டும் பானை தனிதான். பயறும் பாலும் இல்லாத சைவ பேலியோவை என்னால் முழு வாரம் ஓட்ட முடியவில்லை. முட்டையும் காளானும் வைத்து இரண்டு ராத்திரி ஓடும். அப்புறம் அவர் பருப்புப் பக்கம் போய்விடுகிறார். போகட்டும்.

#20 கற்காலன்

> பேலியோக்காரர் தட்டில் சோறு இல்லை, அவ்வளவுதான்

இதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது. ராணி மேடம், புத்தகத்தில் ஸ்டூ இருக்கிறதா?

#21 அடுப்படி_ராணி

இருக்கிறது. ஆட்டுத் தோள்கறி, தக்காளி, கேரட், பூசணி, தேங்காய்ப்பால். கெட்டியாக்க கூவைக்கிழங்கு மாவை "தொடக்கத்திலேயே சேர்த்து இரண்டு மணி நேரம் கொதிக்கவிடவும்" என்கிறார்கள். இதுவும் சந்தேகமாக இருக்கிறது.

#22 பழைய_வாசகர்

சந்தேகம் நியாயமானது. கூவை மாவு நீண்ட கொதியில் நீர்த்துவிடும். அதைக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, இறக்கும் முன் ஊற்றி, கெட்டியானதும் அடுப்பை அணைக்க வேண்டும். ஆனால் உங்கள் குறிப்பில் மாவே தேவையில்லை. பூசணி இருக்கிறதே! வெந்த பூசணியில் பாதியைக் கரண்டியால் பானையிலேயே மசித்தால் குழம்பு தானாகக் கெட்டிப்படும்.

கறியை முதலில் தனியாகச் சிவக்க வறுக்கும் படியைத் தவற விடாதீர்கள். ஈரத்தை ஒற்றி எடுத்து, வாணலியில் துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல், தவணை தவணையாக. நெருக்கிப் போட்டால் கறி தன் நீரிலேயே வெந்து சாம்பல் நிறமாகும். பழுப்பு நிறமும் மணமும் 140 டிகிரி வாக்கில்தான் பிறக்கும், தண்ணீர் இருக்கும்வரை 100-ஐத் தாண்டாது. வறுத்து முடிந்ததும் அடியில் ஒட்டிய பழுப்பைத் தக்காளியைப் போட்டுச் சுரண்டி எடுங்கள், ருசியெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு சின்னத் தீ. குமிழி ஒன்றிரண்டு மேலே வந்தால் போதும். தோள்கறியில் இருக்கும் ஜவ்வு மெல்ல மெல்ல ஜெலட்டினாக மாறும், அதற்கு இரண்டு, இரண்டரை மணி நேரம் வேண்டும். அவசரப்பட்டுத் தளதளவென்று கொதிக்கவிட்டால் கறி வறண்டு நார் நாராகும். தேங்காய்ப்பாலைக் கடைசியில் ஊற்றுங்கள், கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். வேலைநாளில் முடியாது என்றால் விடுமுறை நாளில் செய்து வையுங்கள், மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும்.

#23 அடுப்படி_ராணி

ஞாயிற்றுக்கிழமை செய்தேன். மாவு போடவில்லை, பூசணியை மசித்தேன். கறி கரண்டி பட்டதும் பிரிந்தது. சின்னவன் சோற்றில் ஊற்றிப் பிசைந்து இரண்டாவது தடவை கேட்டான். இவர் அதையே கிண்ணத்தில் வாங்கி, வதக்கிய காலிஃபிளவரோடு சாப்பிட்டார். பழைய வாசகர் சொன்னபடி அதைச் சாதம் என்று யாரும் சொல்லவில்லை.

மீனும் முடிந்தது. கிழங்கு மாவு வைத்தியம் வேலை செய்கிறது, பூச்சு ஒட்டியே இருந்தது. பெரியவளுக்கு மேல்பூச்சு பிடித்தது, மீன் பிடிக்கவில்லை. அதற்குப் புத்தகம் பொறுப்பில்லை.

இப்போது பக்கங்களை மடித்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஒதுங்கிவிட்டது. மிச்சத்தில் கோழித் தொடை, ஸ்டூ, உருண்டை, மீன் நான்கும் நிரந்தரம். கடைசியாக ஒன்று: ஸ்டூவை உறையவைக்கலாமா? தேங்காய்ப்பால் சேர்த்துவிட்டேனே.

#24 பழைய_வாசகர்

வைக்கலாம். தேங்காய்ப்பால் உருகும்போது பிரிந்த மாதிரி தெரியும், சூடாக்கிக் கலக்கினால் பெரும்பாலும் சேர்ந்துவிடும். அடுத்த முறை பால் ஊற்றும் முன்பே பாதியைத் தனியாக எடுத்து உறையவையுங்கள், சாப்பிடும் நாளில் பாலைச் சேர்த்துக்கொள்ளலாம். சூடான பானையை அப்படியே ஃபிரீசரில் வைக்காமல், அகலமான ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே தள்ளிவிடுங்கள். டப்பாவில் தேதி எழுதுங்கள்.

#25 சுக்கினி_விரோதி

அக்கா, மடித்த பக்கங்களில் சுக்கினி இருக்கிறதா?

#26 அடுப்படி_ராணி

முதல் மடிப்பே அதுதான் தம்பி.